உனக்குப் புரிகிற வேகத்தில்

மார்ச் 2

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: ஜன்னலோர நாற்காலியில் அப்பா. எதிரே சோபாவில் உன் பெரியப்பா. அவர் பக்கத்தில் அப்பாவோடு இருபது வருஷம் லிஃப்ட் வேலை பார்த்த கூட்டாளி. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி மாடி வீட்டுத் தையல்கார அக்கா. கையில் தட்டோடு நான். ஆக ஐந்து பேர். அப்பாவின் மடியில் நீ வாங்கி அனுப்பிய போன்.

இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம், அந்த ஐந்து பேர் காதிலும் அது விழுந்தது.

என் போன் ரிப்பேருக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. கடைக்காரர், "அண்ணன் போன்ல ரெண்டு சிம் போடலாம்க்கா, அதுவரைக்கும் இதுல இருக்கட்டும்" என்று என் சிம்மை அப்பா போனில் போட்டுக் கொடுத்தார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. எனக்கென்று நீ அனுப்பிய எஸ்எம்எஸ் அப்பா மடியில் போய் விழுந்தது. அது சும்மா வைத்துக்கொள்ளுமா? வருவதை எல்லாம் வாசித்துக் காட்டுகிற மாதிரி நீதானே செட்டிங் செய்து அனுப்பினாய்.

அந்த நேரத்தில் பெரியப்பா, "இன்னும் நாலு மாசம்டா, பளிச்சுனு ஆயிடும். அப்புறம் நீதான் எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தார். "உனக்குப் படிச்சுக் காட்டுறதுக்கு நான் இப்படியே இருந்துடுறேன்" என்றார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் போன் பேசிவிட்டது.

"அம்மா. நேத்து டாக்டர்கிட்ட மறுபடி பேசிட்டேன். அப்பாவுக்குப் பார்வை இனிமே திரும்பாது. இன்னும் எத்தனை நாள் மறைக்கப் போற? நீ சொல்றியா, நான் சொல்லவா?"

லிஃப்டில் கதவு மூடுகிறது என்று சொல்லுமே, அந்த மாதிரிக் குரல். வந்த அன்றே அதற்கு லிஃப்ட்டுக்காரி என்று பெயர் வைத்தவர் அப்பாதான். "முப்பது வருஷமா எல்லா கட்டடத்துலயும் இவகூடத்தான் குடும்பம் நடத்தினேன், இப்ப வீட்டுக்கே வந்துட்டா பாரு" என்று கேலி செய்தார். நேற்று கேலி இல்லை. விரலால் தடவித் தடவி மறுபடி அதைச் சொல்ல வைத்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவைக்கு நடுவில் தையல்கார அக்கா போய்விட்டாள். கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா, "மெஷினு எதையாவது உளறும்டா" என்றார். அப்பா அதற்கு, "மெஷினு உளறாதுண்ணே. முப்பது வருஷம் மெஷினோட இருந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

சொட்டு மருந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்து பிப்ரவரி முடிய தொண்ணூற்று மூன்று நாள். நாளைக்கு நாலு வேளை. முன்னூற்று எழுபத்திரண்டு தடவை. ஒரு வேளை விடவில்லை. ஒவ்வொரு தடவையும், "கொஞ்சம் கொஞ்சமா தெளியும்ங்க" என்று சொல்லித்தான் விட்டேன். நேற்று மதியம் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இப்படி ஒரு விஷயத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவார்களா? இனிமேல் எனக்கு எதுவானாலும் தபாலில் எழுது. காகிதத்துக்கு வாய் கிடையாது. போனில் பேசவும் வேண்டாம். இரண்டே அறை வீடு, அப்பாவுக்குக் காது இப்போது நாலு ஆள் காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

மார்ச் 9

அம்மா,

கடிதம் வந்தது. எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ எழுதியதைப் படித்தால் அப்பாவுக்குக் கண் போனதே என் எஸ்எம்எஸ்ஸால்தான் என்பது போல இருக்கிறது.

டிசம்பரிலேயே டாக்டர் உன்னிடம் சொன்னார். ஜனவரியில் என்னிடம் சொன்னார். நான் உன்னிடம் நாலு தடவை கேட்டேன். "மனசு உடைஞ்சிடுவார்டி, கொஞ்ச நாள் போகட்டும்" என்றாய். இப்போது ஐந்து பேர் நடுவில் உடைந்தார்.

அப்பா எனக்குத் தினமும் குரல் செய்தி அனுப்புகிறார், உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் போனைப் பற்றித்தான். முதல் நாள், "பாப்பா, வெளிச்சம் இருக்கா இல்லையான்னு சொல்ற மாதிரி இதுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. வெளிச்சம் கூடினால் சத்தம் ஏறும், குறைந்தால் இறங்கும். போட்டுக் கொடுத்தேன். அடுத்து நிறம் சொல்வது. அடுத்து, அச்சில் இருப்பதைக் கேமரா முன்னால் பிடித்தால் படித்துக் காட்டுவது. கையெழுத்தைப் பிடித்தால் உளறும், அச்சு என்றால் சுத்தமாகப் படிக்கும். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். லிஃப்டுக்குள் இருட்டில் கையால் தடவி வேலை பார்த்த மனுஷன் அல்லவா.

ஆனால் அவர் எதற்காக இவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ போல இருக்கிறது. நீ பக்கத்தில்தானே இருக்கிறாய். பகலா இரவா என்று உன்னைக் கேட்டால் போதாதா?

உன் போன் வந்ததும் சிம்மை மாற்று. ஒரு நாள் உட்கார்ந்து அவரிடம் பேசு. மன்னிப்புக் கேள் என்று சொல்ல எனக்கு வயசில்லை. ஆனால் கேள்.

இங்கே கிடங்கில் வேலை அதிகம். நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடித்து ஒட்டுகிறேன். அறையில் இப்போது நாலு பேர் ஆகிவிட்டோம். எனக்கு மேல் கட்டில். அதில் குனிந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மகள்

மார்ச் 17

அன்பு மகளுக்கு,

நீ எழுதியதில் பாதிதான் புரிந்தது. கோழி கிண்டியது போல இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இல்லை, கடை போர்டையும் மருந்துச் சீட்டையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவள். உன் கிடங்கில்தான் அச்சடிக்கிற மெஷின் இருக்கிறதே, அடுத்த தடவை அதில் தட்டி அனுப்பு. எனக்குச் சிரமம் குறையும்.

புரிந்த மட்டும் பதில் சொல்கிறேன். பேசு என்றாய். பேசினேன். "என்னங்க, மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லாம இருந்தேன்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

பகலா இரவா என்று என்னைக் கேட்டால் போதாதா என்று கேட்டாயே. கேட்கிறார். கேட்டுவிட்டு அந்தப் போனை ஜன்னல் பக்கம் நீட்டுகிறார். அது கூவுகிறது. அப்புறம்தான் தலையை ஆட்டுகிறார். நீலச் சட்டை என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கி மடியில் விரித்துப் போனைப் பிடித்தார். "அடர் நீலம்" என்றது. போட்டுக்கொண்டார். மணி ஒன்பது என்றேன். போனைத் தட்டினார். ஒன்பது மணி இரண்டு நிமிடம் என்றது. "ரெண்டு நிமிஷம் தள்ளிச் சொல்றியே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரிக்கப் போனேன். முகத்தில் விளையாட்டு இல்லை.

மாத்திரை அட்டை, பால் பாக்கெட்டில் போட்டிருக்கிற தேதி, கரண்ட் பில், எல்லாம் நான் ஒரு தடவை சொல்ல வேண்டும், அது ஒரு தடவை சொல்ல வேண்டும். இத்தனை நாளில் அது என்னைப் பொய்க்காரி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்படியும் அவர் கேட்பதை விடவில்லை.

இன்னொன்று. அந்தக் குரலை வேகமாக ஓட விட்டிருக்கிறார். கடகடவென்று தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது. பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் பார்க்கலாம் என்றால் அதையும் கறுப்பாக்கி வைத்திருக்கிறார். கேட்டால், "எனக்கு எதுக்கு வெளிச்சம், சார்ஜாவது மிச்சம்" என்கிறார்.

மகளே, ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வரிக்கு வருவதற்கு முன் இரண்டு காகிதம் கிழித்துவிட்டேன்.

வலது கண்ணில் திரை விழுகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்ன அன்றே நாற்பது நாள் பிரார்த்தனை ஆரம்பித்தேன். இடது கண்தான் எப்போதோ போய்விட்டதே, இது ஒன்றாவது கத்தி படாமல் சரியாகட்டும் என்று. பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது நவம்பர் ஐந்து. கண்ணில் மருந்து விட்டு அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கவுண்டரில் நர்ஸ் என் கையில் சீட்டைக் கொடுத்து, "எட்டாம் தேதி ஆபரேஷன். விழித்திரை கழண்டுட்டு வருது, நாள் தள்ளாதீங்க" என்றாள்.

பெஞ்சுக்கு வந்தேன். "என்ன தேதி போட்டிருக்காங்க?" என்று அப்பா கேட்டார். சீட்டைப் பார்த்தேன். இருபத்தேழு என்று படித்தேன்.

நாற்பதாவது நாள் இருபத்தாறாம் தேதி முடிந்தது. அதற்காகத்தான் இருபத்தேழு. ஏழாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தேதியை மாற்றினேன். பிரார்த்தனையை நடுவில் விட்டால் கேட்டதும் போய்விடுமோ என்று பயம். என் அண்ணன் சின்ன ஆபரேஷன் என்று உள்ளே போய் வெளியே வராதது உனக்குத் தெரியும். அந்தப் பயமும்தான். ஆனால் பயம் என்று சொல்லித் தப்பிக்க நான் இதை எழுதவில்லை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்றார். அதை உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. கடவுளிடம்கூட நேராகச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்று உன்னிடம் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அம்மா

மார்ச் 25

அம்மா,

நீ கேட்டபடி கிடங்கில் தட்டி அச்சடித்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏதாவது ஒரு தடவை வேறு மாதிரி எழுதியிருக்காதா என்று பார்த்தேன். எட்டாம் தேதி ஆபரேஷன் என்று சீட்டில் போட்டிருந்தது. நீ இருபத்தேழு என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். அவருக்கு வராத காய்ச்சலைச் சொல்லித் தேதியை மாற்றியிருக்கிறாய். பத்தொன்பது நாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். எட்டாம் தேதி செய்திருந்தால் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தது என்றார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர் உன்னைக் கேட்டது ஒரு தேதிதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் எட்டு என்று சொல்லியிருப்பார்கள். உன்னைக் கேட்டார். நீ அவர் கண்ணுக்காகக் கடவுளிடம் நாற்பது நாள் கேட்டாய். அவரிடம் ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா?

நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீ கெட்டவள் என்று எழுதவும் வரவில்லை. நீ எத்தனை வருஷம் அவருக்குச் சர்க்கரை ஊசி போட்டாய், காலைப் பிடித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும். எப்போது என்று தெரியவில்லை. தினமும் அவர் குரல் செய்தி வருகிறது, கேட்கும்போது எனக்குத் திருடி மாதிரி இருக்கிறது.

உன்னுடையதைக் கிழித்துவிட்டேன். இதை நீ கிழித்துவிடு.

மகள்

ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் மார்ச் முப்பதாம் தேதி திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் வந்தபோது நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்பா வாங்கியிருக்கிறார்.

படியில் இறங்கும்போதே அந்தக் கடகட சத்தம் கேட்டது. ஏதோ மருந்து டப்பா என்று நினைத்தேன். பாதிப் படியில் "எட்டாம் தேதி" என்று ஒன்று காதில் விழுந்தது. மற்றது எதுவும் பிடிபடவில்லை. ஈரத் துணி வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்தேன். மேஜையில் காகிதத்தை விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, மேலே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேராகப் பிடித்திருந்தார் தெரியுமா? ரசமட்டம் வைத்த மாதிரி.

நான் வந்தது தெரிந்ததும் போனைக் கீழே வைத்தார்.

"யாருக்கு வந்த லெட்டர்னு பார்க்கத்தான் கவரைப் பிடிச்சேன். உன் பேரைச் சொல்லுச்சு. அதோட வச்சிருக்கணும். வைக்கல. அது என் தப்பு" என்றார்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"உக்காரு. உனக்குப் புரியிற வேகத்துல வைக்கிறேன்" என்றார்.

வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து வைத்தார். நீ எழுதியது முழுக்க, ஒவ்வொரு வரியாக, அவர் எதிரில் உட்கார்ந்து நான் கேட்டேன். நீ கோபமாக எழுதினாயா அழுதுகொண்டு எழுதினாயா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. பத்தொன்பது நாள் என்று அது சொன்ன இடத்தில் அப்பா ஒரு தடவை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மறுபடி வைத்தார்.

முடிந்ததும், "கத்தி வேணாம்னுதாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வேண்டியிருந்துச்சே" என்றார்.

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான். என் கண்ணு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா எட்டாம் தேதியே போகணும்னு சொல்லுவீங்க."

"ஆமா" என்றார். "சொல்லியிருப்பேன்."

டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "நாப்பது நாளும் முடிச்சியா?" என்று கேட்டார். முடித்தேன் என்றேன். "ஒரு நாள்கூட விடலையே?" விடவில்லை என்றேன். "நோட்டுல எழுதி வச்சிருப்பியே" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் எதிரிலேயே உனக்குச் செய்தி அனுப்பினார். வாயால் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டது. "பாப்பா, நான் அங்க வந்து உன்னோட இருந்துக்கிறேன். இங்க இருந்தா அம்மா சொல்ற ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கேக்க வேண்டியிருக்கு. எனக்கு அசதியா இருக்கு." முழுக்கச் சொல்லிவிட்டு ஒரு தடவை அதை வாசிக்க விட்டுக் கேட்டார். அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து போன் மடியில்தான். சத்தம் வரும்போதெல்லாம் நிமிர்கிறார். கேஸ் கம்பெனி, ரீசார்ஜ், கூட்டாளி. உன்னுடையது வரவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

பெட்டி எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். சட்டை ஆறு, வேட்டி நாலு, மாத்திரை ஒரு மாதத்துக்கு. நான் வைத்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். நான் பக்கத்தில் நின்று அவர் எடுத்ததை மடித்துக் கொடுத்தேன். கை பட்டது. விலக்கிக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

உன் அறையில் நாலு பேர், உனக்கு மேல் கட்டில் என்று தெரியும். அப்பாவை எங்கே வைப்பாய்? தனி அறை பார்க்க வேண்டும் என்றால் உன் சம்பளத்தில் முடியுமா? நீ பகல் முழுக்கக் கிடங்கில் இருந்தால் அவருக்குச் சாப்பாடு யார் கொடுப்பது? ஊசி யார் போடுவது? இதையெல்லாம் யோசித்துத்தான் நீ பதில் சொல்லாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்லிவிடு, அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, மறுபடியும் அவரைக் கேட்காமல் அவருக்கு ஒரு தேதியை நான் மாற்றப் பார்க்கிறேன். அதனால் கேட்கவில்லை. உன்னால் முடிந்தால் கூட்டிக்கொண்டு போ. முடியாவிட்டால் முடியாது என்று சொல்.

காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்கிறேன். உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலும் உட்காரத் தெரியவில்லை.

எதுவானாலும் பதிலை எனக்கு எழுதாதே. அப்பா போனுக்கே அனுப்பு. நான் படித்துச் சொன்னால் அவருக்கு அது பதில் ஆகாது. சீக்கிரம் அனுப்பு.

அம்மா